ஒரு ஆய்வேடு, இரண்டு சட்டப் புத்தகம்

"பேரு மட்டும் போடாதீங்க மாமா. ரெண்டு யூனி பேரும் வேணாம். மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள் அக்கா மகள். அதனால் இதில் பெயர்கள் இல்லை. அவள் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவ நிபுணர், விரிவுரையாளரும்கூட. நீரிழிவால் சிறுநீரகம் கெடுவதைப் பற்றி ஆராய்ந்து, மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றும் நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து வழங்கும் முனைவர் பட்டத்தை வாங்கியிருக்கிறாள். நான் வேறொரு பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை கோப்பு தள்ளியவன். அவள் ஐந்து ஆண்டு பட்ட பாட்டில் மருத்துவம் எனக்குப் பாதிதான் புரிந்தது. படிவங்கள் முழுக்கப் புரிந்தன.

ஆராய்ச்சியில் அவள் பெரிதாக எங்கேயும் சறுக்கவில்லை. சறுக்கியதெல்லாம் ஒரு பல்கலைக்கழகத்தின் விதி முடிந்து மற்றதன் விதி இன்னும் தொடங்காத இடங்களில்தான்.

எந்த டாக்டர்?

"ஏற்கனவே டாக்டர்தானே, அப்புறம் எதுக்கு இன்னொரு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. எம்பிபிஎஸ் முடித்தவரையும் பிஎச்டி முடித்தவரையும் ஒரே சொல்லால் கூப்பிடும் நாடு இது. மருத்துவர் ஒருவர் இங்கே நிபுணர் ஆக வேண்டுமென்றால் நான்கு ஆண்டு மாஸ்டர் ஆஃப் மெடிசின் படிக்கலாம். இல்லையென்றால் பிரிட்டனின் எம்ஆர்சிபி மாதிரி நிபுணர் தேர்வுகளை எழுதி, கூடவே பயிற்சியையும் முடிக்கலாம். என் மருமகள் இரண்டாவது வழியில் வந்தவள். முனைவர் பட்டம் இவை எதற்கும் மாற்று ஆகாது. அதைக் காட்டி யாரும் தேசிய நிபுணர் பதிவேட்டில் ஏற முடியாது. ஆராய்ச்சி நிதி கேட்கவும், மாணவர்களை வழிநடத்தவும், பேராசிரியர் பதவிப் பக்கம் நகரவும்தான் அது உதவும்.

கூடப் படித்த ஒருவர் ஜெர்மனிக்குப் போய் டாக்டர் மெட் வாங்கலாமே என்று யோசனை சொன்னார். ஜெர்மானிய மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் படிப்பினூடே செய்து முடிக்கும் பட்டம் அது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் அதை மட்டும் வைத்துப் பிஎச்டிக்குச் சமம் என்று ஏற்பதில்லை. பிற்பாடு அங்கே நிதி கேட்கும் எண்ணம் இருந்ததால் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

கூட்டுப் பட்டத்தையும் இரட்டைப் பட்டத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் தகுதி பெற வேண்டும். கூட்டுப் பட்டத்தில் ஆய்வேடு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று. ஆனால் இரண்டு இடத்திலும் பதிவு, இரண்டு இடத்திலும் நெறியாளர், எல்லாவற்றையும் கட்டிப்போட ஒரு ஒப்பந்தம். பிரான்சில் இதற்கு 1994-இலேயே அரசாணை வந்துவிட்டது. "கோத்யூத்தெல்" என்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து பாதுகாவலராக இருப்பது என்று பொருள். பிள்ளைக்கு இரண்டு கார்டியன் இருந்தால் என்ன நடக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா!

ஒப்பந்தம்

2019-இன் கடைசியில் இங்கே பதிவு செய்தாள். ஒப்பந்தத்தில் கடைசிக் கையெழுத்து விழ ஒன்பது மாதம் ஆனது. நடுவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கிளினிக்குகள் படுத்ததால், தாமதம் யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பல்கலைக்கழகச் சட்டப் பிரிவுகளும் மாறி மாறி வரைவைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தன. தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதில் மட்டும் பல வாரம் ஓடியது. கடைசியில் "இரு தரப்பும் நட்புடன் பேசித் தீர்த்துக்கொள்ளும்" என்று எழுதி முடித்தார்கள். என் அனுபவத்தில் எல்லா ஒப்பந்தமும் இந்த வாக்கியத்தில்தான் போய் நிற்கும்.

பணம் விஷயத்தில் பிரச்சினை இல்லை. இங்கே கட்டணம், அங்கே விலக்கு. விடுப்பு, உதவித்தொகை, அதற்கு ஈடாகப் படித்து முடித்ததும் இங்கேயே வேலை செய்வதாக எழுதிக்கொடுக்கும் போண்ட் எல்லாம் வழக்கம்போல். அங்கே தங்க வேண்டிய காலத்தை இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். 90 நாளைத் தாண்டும் தவணைக்கு, புறப்படுவதற்கு முன்பே எம்.வி.வி விசா வாங்க வேண்டும். மலேசியர்களுக்கு அதில் விலக்கு இல்லை.

ஆய்வேடு ஆங்கிலத்தில். இங்கத்திய விதிப்படி மலாயில் சுருக்கம், அங்கத்திய வழக்கப்படி டச்சு மொழியில் சுருக்கம். "மூணு மொழியில் இருக்கு, நோயாளிங்க மொழியில மட்டும் இல்லையே" என்று அவளாகவே தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. சீனத்திலும் போட்டிருக்கலாமே என்று நான் சொன்னேன். நேரமில்லை என்றாள்.

அந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தற்காப்பு, அதாவது வாய்மொழித் தேர்வு, பற்றி ஒரு வரி: "ஆய்வேட்டின் தற்காப்பு நெதர்லாந்து முறைப்படி நடக்கும், அதன் முடிவை இரு பல்கலைக்கழகங்களும் ஏற்கும்." வரைவை நான் மூன்று முறை படித்தேன். இந்த வரியில் ஒரு குழி இருப்பது என் கண்ணுக்கும் படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரத்தம் பிளேன் ஏறியது

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவுதான். எல்லாருக்கும் ஒரே வேகத்தில் சிறுநீரகம் கெடுவதில்லையே, யாருக்கு வேகமாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அவள் கேள்வி. அதற்காகக் கிளினிக்குக்கு வருபவர்களிடம் ரத்தமும் சிறுநீரும் வாங்கி, பாதிப் பரிசோதனையை இங்கேயும் மீதியை நெதர்லாந்திலும் செய்வதாகத் திட்டம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தயாரித்தார்கள். செந்தூலில் இருந்து ஒரு பாட்டி வந்தார். கணவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். என் மருமகள் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். "மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும்" என்ற வரி வந்ததும் பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஏன் டாக்டரம்மா, என் ரத்தம் பிளேன் ஏறுதா?"

"ஆமா பாட்டி."

"எழுபது வயசாச்சு, நான் இன்னும் ஏறல. சரி, போயிட்டு வரட்டும். மிச்சத்த என்ன பண்ணுவாங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தமிழ்ப் படிவத்தில் "எஞ்சிய மாதிரி அழிக்கப்படும்" என்று இருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களும் போட்ட மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தின் வரைவிலோ, எஞ்சியதை அங்கேயே வைத்துக்கொண்டு பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. நோயாளியிடம் சொன்னது ஒன்று, ஆய்வகங்கள் தமக்குள் எழுதிக்கொண்டது இன்னொன்று. அன்று மாலையே அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பரிமாற்ற ஒப்பந்தம்தான் மாற வேண்டும் என்று அடம்பிடித்தாள், மாறியது. வேறு யாராவது இருந்தால் படிவத்தை மாற்றி, எல்லாரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவள் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நெறிமுறைக் குழுவின் கண்ணில் இந்த முரண் படுவதற்கு முன் ஒரு பாட்டி கண்டுபிடித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மனித உடல் மாதிரிகளை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப, 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் அனுமதி வேண்டும். அப்புறம் விமான விதிகள். ஆபத்துக் குறைந்த மனித மாதிரி என்றால் யூஎன் 3373 என்ற வகை எண். குழாய், கசியாத உறை, வெளிப்பெட்டி என்று மூன்று அடுக்கு. நடுவில் கசிவை உறிஞ்சப் பஞ்சு. குளிர்ச்சிக்கு டிரை ஐஸ் போட்டால் யூஎன் 1845 ஒட்டி, எத்தனை கிலோ என்று பெட்டி மேல் எழுத வேண்டும். டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் கரையாமல் நேராக ஆவியாகும். அதனால் பெட்டியை இறுக்கி மூடக்கூடாது. வாயு வெளியே போக வழி இல்லையென்றால் வெடிக்கும். நாளாக நாளாக எடை குறைந்துகொண்டே வரும். குறைந்தால் உள்ளே இருப்பது உருகும்.

முதல் பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேஎல்ஐஏ விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் நின்றுவிட்டது. அனுமதிக் கடிதத்தில் பிளாஸ்மா மட்டும்தான் குறிப்பிடப்பட்டிருந்தது. பெட்டிக்குள் சிறுநீரும் இருந்தது. சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. கூரியர் முகவர் நல்ல மனிதர். சனிக்கிழமை மாலை டிரை ஐஸை நிரப்பித் தந்தார். விமான நிலையம் இருக்கும் செப்பாங்குக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனது நான். பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. அதற்குள் கையுறையோடு கைவிட்டு, குழாய்கள் கல் மாதிரி உறைந்திருக்கின்றனவா என்று அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை திருத்திய கடிதம் வந்தது, பெட்டி பறந்தது. அவள் முதலிலேயே ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இங்கே மைனஸ் 80 ஃப்ரீஸரில் வைத்திருந்தாள். அதனால்தான் எனக்கு அந்தச் சனிக்கிழமை தூக்கம் வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் திங்கட்கிழமையைத் தவிர வேறு நாளில் போகவில்லை.

மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. 1998, 1999-இல் நிப்பா பரவி நாட்டில் 105 பேர் இறந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த வைரஸ் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஆய்வகங்களுக்குப் போன பிறகுதான் அது உலகத்துக்குப் புதிய வைரஸ் என்று உறுதியானது. வெளி ஆய்வகத்தின் கருவி தேவைப்பட்டதால், கண்டுபிடிப்பு இங்கத்தியது இல்லை என்று ஆகிவிடாது. என் மருமகள் கட்டுரைகளில் இதையே ஒரு சட்டமாக வைத்திருந்தாள்: ஒவ்வொன்றிலும் இரண்டு பல்கலைக்கழகப் பெயரும் வர வேண்டும், நோயாளிகளின் பெயரையும் எண்ணையும் இணைக்கும் சாவிப் பட்டியல் கோலாலம்பூரை விட்டுப் போகக்கூடாது.

இரண்டாவது தவணையில் அங்கே இருந்தபோது, இங்கே செமஸ்டர் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டாள். கணினி அவளை மாணவியே இல்லை என்று சொல்லிவிட்டது. அபராதம் கட்டி இரண்டு வாரத்தில் சரியானது. இந்தத் தவறை ஆண்டுதோறும் என் அலுவலக முகப்பில் பார்த்தவன் நான். வீட்டுக்குள்ளேயே தடுக்கத் தெரியவில்லை.

அச்சாகிவிட்ட புத்தகம்

இப்போது அந்த ஒரு வரி.

நம் முறையில் ஆய்வேடு முதலில் தேர்வாளர்களுக்குப் போகும். அறிக்கை வரும். மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு நடக்கும். "சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி" என்பதுதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் முடிவு. பிறகு மூன்று கட்டம் போட்ட அட்டவணை தயாரிக்க வேண்டும்: தேர்வாளர் சொன்னது, நான் செய்தது, பக்க எண். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு, பட்டத்துக்கு ஒப்புதல் தரும் செனட் குழுவுக்கு நகரும். நான் தள்ளிய கோப்புகளில் பாதி இந்த அட்டவணைதான்.

நெதர்லாந்தில் கதை தலைகீழ். நெறியாளர் ஒப்புக்கொண்ட கையெழுத்துப் பிரதியை ஒரு வாசிப்புக் குழு படித்து, தற்காப்புக்கு விடலாமா வேண்டாமா என்று சொல்லும். விடலாம் என்றால் ஆய்வேட்டை அட்டைப்படம் போட்டுப் புத்தகமாக அச்சடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறுவார்கள். விழா எல்லாருக்கும் திறந்தது. அதற்குப் பிறகு திருத்தம் என்ற பேச்சே இல்லை, புத்தகம்தான் வந்துவிட்டதே.

வாசிப்புக் குழுவில் மலேசியத் தரப்புத் தேர்வாளர் ஒருவரும் இருந்தார். அவர் "விடலாம்" என்று எழுதி, கூடவே நான்கு பக்கக் குறிப்புகளும் அனுப்பினார். அங்கே அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்கள். அவளும் எளிதில் முடிந்தவற்றைச் சரிசெய்து அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். விழாத் தேதி குறித்து, அக்கா பலகாரம் வாங்கி, தம்பி டிக்கெட் போட்டு, ஆறு வாரம் இருக்கும்போது இங்கத்தியத் தேர்வுப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்: திருத்த அட்டவணை எங்கே? அது இல்லாமல் கோப்பு நகராது.

அந்த அதிகாரியைத் திட்டத் தோன்றும். நான் திட்டவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் இதே மின்னஞ்சலைத்தான் அனுப்பியிருப்பேன். முடிவை ஏற்பதாக ஒப்பந்தம் சொல்கிறது. திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் அவருடைய விதிப் புத்தகம் பேசும்.

நான்கு பக்கத்தில் முக்கால்வாசி எழுத்துப்பிழையும் மேற்கோள் வடிவமும். ஒரே ஒரு குறிப்புதான் கனமானது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினிலிருந்து கணக்கிட அவள் 2009-ஆம் ஆண்டின் சிகேடி-ஈபிஐ சூத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தாள். அதில் கறுப்பினத்தவருக்கு மட்டும் தனிப் பெருக்கல் எண் உண்டு. 2021-இல் வந்த புதிய சூத்திரத்தில் இனம் நீக்கப்பட்டது. நம் நோயாளிகளுக்கு அந்தப் பெருக்கல் எண் எப்போதுமே பொருந்தியதில்லை, அப்புறம் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். "இல்ல மாமா, சூத்திரத்தையே மறுபடி பொருத்தியிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு எண் கொஞ்சம் ஏறும். 60-க்குக் கீழ இருந்தவங்கள்ல சில பேரு மேல போயிடுவாங்க. நோயோட கட்டமே மாறிடும்." அவள் 2021-க்கு முன் தொடங்கியதால் பழைய சூத்திரமே ஆய்வேடு முழுக்க ஓடிவிட்டது. தேர்வாளர் கேட்டதில் தவறே இல்லை.

மூன்று வாரம் தூங்காமல் புதிய சூத்திரத்தில் எல்லாக் கணக்கையும் மறுபடி ஓட்டினாள். எண்கள் நகர்ந்தன. ஆனால் யாருக்கு வேகமாகக் கெடுகிறது என்ற முக்கிய முடிவு மாறவில்லை. அதை நான்கு பக்க இணைப்பாக அச்சடித்து ஒவ்வொரு பிரதியின் கடைசி அட்டைக்குள்ளும் செருகினார்கள். இரண்டு நெறியாளர்களும் ஒரு இணையவழிக் கூட்டம் போட்டு, இந்த இணைப்பு ஆய்வேட்டின் பகுதி என்று குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் குறிப்பை வைத்து அட்டவணை, அட்டவணையை வைத்துக் கோப்பு. வழி இருந்தது. ஆனால் வாசிப்புக் குழுவின் குறிப்புகளைத் தேர்வாளர் அறிக்கையாகக் கருதி, அச்சுக்கு முன்பே அட்டவணையை முடிப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த மூன்று வாரம் தேவையே இல்லை.

விழாவை நாங்கள் செந்தூலில் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கே பிற்பகல் மூன்று, இங்கே இரவு பத்து. கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக வந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் பாரானிம்ஃப் என்று இரண்டு துணையாட்கள். ஒருத்தி அவளுடைய சித்தி மகள், காஞ்சிபுரம் பட்டில். கேள்வி கேட்பவரைக் "கற்றுயர்ந்த எதிராளரே" என்று கூப்பிட்டுத்தான் பதில் தொடங்க வேண்டுமாம். ஆய்வேட்டோடு சேர்த்துச் சில முன்மொழிவுகளையும் அச்சிடுவார்கள். கடைசி ஒன்று வேடிக்கையாக இருப்பது வழக்கம். அவளுடையது: "நோயாளியிடம் தே தாரிக்கில் சீனியைக் குறைக்கச் சொல்வது எளிது, மாமியாரிடம் சொல்வது கடினம்." அவளுக்கு மாமியார் இன்னும் வரவில்லை என்பது வேறு.

சூத்திரக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது. கோல் பிடித்த ஒரு அம்மா வந்து கோலைத் தரையில் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்றார். மருமகள் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

அக்கா பதறிப்போனாள். "ஏன்டா, அந்தம்மா ஏன் தடியைத் தட்டி நிறுத்துது? ஃபெயிலா?"

நேரம் முடிந்தது என்று பொருள், அவ்வளவுதான் என்றேன். பாதி வாக்கியத்தோடு ஒரு பெண்ணுக்கு டாக்டர் பட்டம் கிடைக்கும் என்பதை அக்கா இன்றுவரை நம்பவில்லை.

தேதி

டச்சுச் சான்றிதழை அன்றைக்கே குழாயில் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். மலேசியச் சான்றிதழ் செனட் கூடி ஒப்புதல் தந்து பட்டமளிப்பு விழா வந்த பிறகுதான். நடுவில் பல மாதம் அவள் ஒரு நாட்டில் முனைவர், இன்னொரு நாட்டில் மாணவி. அக்கா அந்தக் குழாயைப் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டாவது வந்தால்தான் ஃப்ரேம் போடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

வேலைக்குத் திரும்பியதும் மனிதவளப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "பட்டம் பெற்ற தேதி" என்று ஒரே ஒரு கட்டம். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். எந்தத் தேதி என்று அதில் இல்லை. தற்காப்பு நடந்த நாளா, செனட் ஒப்புதல் தந்த நாளா?

"எதைப் போடட்டும் மாமா?"

முந்தியதைப் போடச் சொன்னேன். போண்ட் அன்றிலிருந்தே ஓடட்டும் என்று ஒரு கணக்கு. படிவம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. செனட் தேதிதான் வேண்டுமாம்.